பெரிய மீனும் தடித்த நரம்பும்

"இந்தப் பக்கத்தில் மீன் பிடிப்பதற்கு என்ன வேலை?" என்று நேயர்களில் சிலர் புருவத்தை நெரிக்கக்கூடும். சைவ போஜனம் செய்கிற குடும்பங்களில் பத்திரிகையை அடுத்த பக்கத்துக்குத் திருப்பிவிடவும் கூடும். அவர்கள் சற்றுப் பொறுக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். இன்று நாம் சொல்லப்போகும் விளையாட்டில், பிடித்த மீனை யாரும் தின்பதில்லை. பிடிக்கிறார்கள், நிறுத்துப் பார்க்கிறார்கள், ஒரு படம் எடுத்துக்கொள்கிறார்கள், மறுபடியும் ஜலத்திலேயே உயிரோடு விட்டுவிடுகிறார்கள். "விட்டுவிடுவதானால் பிடிப்பானேன்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்குப் பிறகு வருவோம்.

இங்கிலாந்து, அயர்லாந்து, ஜெர்மனி, ஸ்வீடன், பின்லாந்து முதலிய குளிர் தேசங்களின் ஏரிகளிலும், மந்தமாக ஓடும் ஆறுகளிலும், 'பைக்' என்று ஒரு மீன் வசிக்கிறது. நம் ஊர்ப் பிள்ளைகளிடம் பைக் என்று சொன்னால் இரண்டு சக்கரமும் பெட்ரோல் நாற்றமும்தான் அவர்கள் ஞாபகத்துக்கு வரும். ஆனால் ஆங்கிலத்தில் அதே ஒலியுடைய சொல்லுக்கு, காலாட்படை வீரர்கள் முற்காலத்தில் ஏந்திய நீண்ட ஈட்டி என்றும் பொருள் உண்டு. மீனின் உருவத்தைப் பார்த்தால் அந்தப் பெயர் பொருத்தமாகவே இருக்கிறது. நீண்டு மெலிந்த உடல். வாத்தின் அலகைப் போல் தட்டையான மூக்கு. பச்சை நிற மேனியில் வெளிறிய புள்ளிகள். முதுகுத் துடுப்பு நடு முதுகில் இல்லாமல் வாலுக்குப் பக்கத்தில் போய் அமைந்திருக்கிறது. அம்பின் அடியில் இறகு கட்டியிருப்பதைப் போன்ற அமைப்பு இது. அதன் பலன் என்னவென்றால், நீர்ப்பாசியின் நடுவே கட்டை மாதிரி அசையாமல் நிற்கும் மீன், இரை அருகில் வந்த மாத்திரத்தில் வில்லிலிருந்து விடுபட்டது போல் பாய்கிறது. நம் குளத்து விரால் மீன் புதரோரத்தில் காத்திருப்பதைக் கண்டவர்கள், அந்தப் பொறுமையையும் பாய்ச்சலையும் சில மடங்கு பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

இந்த மீனைப் பற்றிய கதைகளுக்கும் குறைவில்லை. 1653-ல் வெளியான, தூண்டிற்காரர்களின் வேதம் என்று சொல்லத்தக்க புத்தகத்தில், ஐஸக் வால்ட்டன் இதற்கென்று ஓர் அத்தியாயத்தையே ஒதுக்கினார். ஜெர்மனியில் அதைவிடப் பெரிய கதை ஒன்று வழங்கிவந்தது. 1497-ஆம் வருஷத்தில் ஹைல்பிரான் நகருக்கு அருகே ஒரு பைக் பிடிபட்டதாம். அதன் உடலில் ஒரு வளையம் இருந்ததாம். 'சக்கரவர்த்தி இரண்டாம் பிரெடரிக்கின் கையால் 1230-ல் இந்த ஏரியில் விடப்பட்டேன்' என்ற பொருளில் அதில் எழுதியிருந்ததாம்! மீனின் வயது 267 என்றும், நீளம் 19 அடி என்றும் கணக்குப் போட்டார்கள். அதன் எலும்புக்கூடு என்று ஒன்றை மான்ஹைம் நகரத்துக் கோயிலில் வெகுகாலம் வைத்திருந்தார்கள். பிற்காலத்தில் விஷயம் தெரிந்த ஒருவர் எலும்புகளை எண்ணிப் பார்த்தபோது, பல மீன்களின் முதுகெலும்புகளைக் கோத்து ஒரு மீனாக்கியிருந்தது தெரியவந்தது. தூண்டிற்காரர்கள் சொல்லும் நீளத்தில் பாதியைத் தள்ளுபடி செய்யவேண்டும் என்பது எல்லாத் தேசத்துக்கும் பொது விதி போலும்.

தள்ளுபடிக்கு இடமில்லாமல், தராசில் நிறுத்துப் பதிவான கணக்கும் உண்டு. 1986-ல் ஜெர்மனியில் பிடிபட்ட ஒரு பைக் 55 ராத்தல் 1 அவுன்ஸ் இருந்தது. 1992-ல் வேல்ஸ் நாட்டில் லாண்டெக்வெத் என்னும் நீர்த்தேக்கத்தில் 46 ராத்தல் 13 அவுன்ஸ் மீன் ஒன்று கிடைத்தது. பிரிட்டனில் முப்பது வருஷத்துக்கு மேல் அதை யாரும் மிஞ்சவில்லை. 2024-ல், பிரிஸ்டல் நகருக்கு அருகிலுள்ள ச்யூ பள்ளத்தாக்கு ஏரியில் 47 ராத்தல் 5 அவுன்ஸ் மீன் அகப்பட்டு அந்தக் கணக்கைத் தீர்த்தது. ராத்தல் மறந்துபோன இளைஞர்களுக்காகச் சொல்லுகிறோம்: 47 ராத்தல் என்பது 21 கிலோவுக்குச் சற்று மேல். ஆறு வயதுக் குழந்தையைத் தூக்குவது போலத்தான். ஆனால் இந்தக் குழந்தைக்கு வாய் நிறையப் பல்!

சாதாரணமாக 20 ராத்தல் மீனைப் பிடித்தாலே அங்கே பெருமையாகப் பேசிக்கொள்கிறார்கள். 30 ராத்தல் என்றால் வாழ்நாளில் ஒரு முறை கிடைத்தால் உண்டு. இப்படிப் பெருத்த மீன்கள் எல்லாம் பெண் மீன்கள் என்பது கவனிக்கத்தக்கது. ஆண் மீன் பத்து ராத்தலைத் தாண்டுவது அபூர்வம். ஆகவே, ஒரு பெரிய பைக் செத்தால், பல வருஷங்கள் உயிர் பிழைத்து, வசந்தந்தோறும் லட்சக்கணக்கில் முட்டையிடும் ஒரு தாய் செத்தது என்று அர்த்தம். தவிர, பெரிய பைக் சிறிய பைக்குகளைத் தின்று அவற்றின் தொகையை அடக்கி வைக்கிறது. பெரிய மீன்களை ஒழித்துவிட்ட ஏரியில் சின்ன மீன்கள் ஏராளமாகப் பெருகி, ஒன்றும் வளராமல் போகிறது. வீட்டில் பெரியவர்கள் இல்லாவிட்டால் ஏற்படும் நிலைமைதான்!

* * *

இனி, கருவிகளைப் பற்றிப் பார்ப்போம். இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது.

நம்மில் பலர், மெல்லிய கயிற்றில் பெரிய மீனைப் பிடிப்பவன்தான் கெட்டிக்காரன் என்று நினைப்போம். மீனுக்கும் அதுதான் நியாயமான சந்தர்ப்பம் கொடுப்பதாகும் என்று தோன்றும். தடித்த கயிறும் முரட்டுக் கழியும் கொண்டு வருபவன் கசாப்புக் கடைக்காரனைப் போல் நமக்குத் தென்படுவான். பைக் விஷயத்தில் உண்மை இதற்கு நேர் விரோதமாக இருக்கிறது. மெல்லிய கயிறு அறுந்து போகும். அறுந்தால் மீன் தப்பித்துக்கொண்டது என்று சந்தோஷப்பட முடியாது. வாயிலோ தொண்டையிலோ இரண்டு கொக்கிகளையும், அவற்றிலிருந்து தொங்கும் கம்பியையும், பல கஜ நீள நரம்பையும் இழுத்துக்கொண்டு அது பாசிக்குள் போய்விடுகிறது. அதற்கப்புறம் அது இரை தின்பது துர்லபம். நரம்பு ஏதாவது ஒரு வேரில் சுற்றிக்கொண்டால் அங்கேயே கட்டுண்டு கிடந்து சாகவேண்டியதுதான். கயிறு அறுபடாமல் தாங்கினாலும், மெல்லிய கயிற்றில் மீனை அவசரமாக இழுக்க முடியாது. அரை மணி நேரம் போராடிக் களைத்துப்போன பைக், தண்ணீரில் திரும்ப விட்ட பிறகும் வயிற்றைக் காட்டி மிதந்துவிடுவது உண்டு. பார்வைக்கு இந்த மீன் ராட்சஸன். உள்ளே இதைப் போல் நோஞ்சான் இல்லை என்று அனுபவஸ்தர்கள் சொல்கிறார்கள்.

ஆகவே, பெரிய பைக் பிடிக்கச் செல்கிறவன் முதலில் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, "இந்தச் சாமான் மீனைப் பிடிக்குமா?" என்பதல்ல. ஏறக்குறைய எந்தச் சாமானும் பிடிக்கும். பசித்த பைக் எதையும் கவ்வும். "பிடித்த மீனை இந்தச் சாமான் பத்திரமாகக் கரை சேர்த்துத் திரும்ப அனுப்புமா?" என்பதே கேள்வி. இந்த ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டால் கழி, ராட்டினம், நரம்பு, கம்பி, கொக்கி எல்லாவற்றுக்கும் விடை தானே கிடைத்துவிடும்.

முதலில் கழி. தாத்தா காலத்தில் மூங்கிலைக் கீறி ஒட்டிய கழிகள் இருந்தன. பிறகு கண்ணாடி நாரிலும், 1970-க்குப் பின் கரி நாரிலும் செய்யத் தொடங்கினார்கள். இன்றைக்குப் பைக் பிடிக்கும் கழி சுமார் 12 அடி நீளமுள்ளது. அதன் வலிமையை அளக்க ஒரு முறை வைத்திருக்கிறார்கள். கழியின் அடியை அசையாமல் பிடித்துக்கொண்டு, நுனியில் கட்டிய நரம்பை இழுக்கிறார்கள். நுனி அடிக்குச் செங்கோணமாக வளைவதற்கு எத்தனை ராத்தல் இழுப்பு வேண்டியிருக்கிறதோ, அதுதான் கழியின் அளவு. பெரிய பைக்குக்கு இரண்டரையிலிருந்து மூன்று ராத்தல் வரையில் அளவுள்ள கழி தேவை. இவ்வளவு பலம் எதற்கு? மீனின் பாரத்துக்காக மட்டும் என்று நினைக்கக்கூடாது, இரையின் பாரத்துக்காகவும்தான். பைக்குக்குக் கோக்கும் செத்த மீனும் ஈயக் குண்டும் சேர்ந்தால் கால் ராத்தலைத் தாண்டிவிடும். அதை நாற்பது ஐம்பது கஜத்துக்கு அப்பால் வீசவேண்டும். மெல்லிய கழியால் வீசினால் இரை ஒரு பக்கமும் கொக்கி ஒரு பக்கமுமாகப் போகும். சில சமயம் கழியின் நுனியும் கூடவே போகும்.

அடுத்தது ராட்டினம். நூல் நூற்கும் ராட்டினம் அல்ல. நரம்பைச் சுற்றி வைத்துக்கொள்ளும் கருவி. இதில் முக்கியமானது, நரம்பை வழுக்கி விடும் விசை. மீன் ஓர் அளவுக்கு மேல் இழுத்தால், நரம்பு அறுபடுமுன் இந்த விசை தானாக நெகிழ்ந்து நரம்பை விட்டுக்கொடுக்கும். பதினைந்து ராத்தல் தாங்கும் நரம்பில் முப்பது ராத்தல் மீனைப் பிடிக்க முடிவதன் ரகசியம் இதுதான். ஆனால் விசையை எவ்வளவு இறுக்குவது என்பதைக் கரையில் இருக்கும்போதே, நரம்பைக் கையால் இழுத்துப் பார்த்துச் சரிப்படுத்திக்கொள்ள வேண்டும். மீன் பிடிபட்ட பிறகு திருகிக்கொண்டிருப்பது, வீடு பற்றி எரியும்போது கிணறு வெட்டுவது போலத்தான்.

நரம்பு விஷயத்தில் இரண்டு கட்சிகள் உண்டு. ஒன்று, நம் ஊரில் தங்கூசி என்கிறார்களே, அந்த நைலான் நரம்பு. அதில் பதினைந்து ராத்தலுக்குக் குறைந்தது உதவாது. இது சற்று இழுபடும் குணமுள்ளது. மீன் திடீரென்று தலையை உதறும்போது ரப்பரைப் போல் நெகிழ்ந்து கொடுக்கும். மற்றொன்று, பல நுண்ணிய இழைகளை முறுக்கிப் பின்னிய நரம்பு. இது மெல்லியதாயினும் மிகவும் பலமானது, சிறிதும் நீளாது, தூரத்தில் மீன் தொட்டாலும் கைக்குத் தெரியும். ஆனால் கல்லிலும் சிப்பியிலும் உராய்ந்தால் சட்டென்று அறுந்துவிடும். அதனால்தான் இதில் ஐம்பது ராத்தலுக்குக் குறையாத தடிமனை வாங்கவேண்டும் என்கிறார்கள். எந்த நரம்பானாலும், முடிச்சைப் போட்டு இறுக்குமுன் எச்சிலாலாவது ஈரப்படுத்திக்கொள்ள வேண்டும். உலர்ந்த நிலையில் இறுக்கினால் உராய்வில் சூடேறி, முடிச்சுள்ள இடத்திலேயே நரம்பு நைந்துவிடுகிறது. பெரிய மீன்கள் பெரும்பாலும் நடு நரம்பில் போவதில்லை, முடிச்சில்தான் போகின்றன.

இனி வருவதுதான் பைக் பிடிப்பதில் விலக்கே இல்லாத விதி. கொக்கிக்கும் நரம்புக்கும் நடுவில் எஃகுக் கம்பி இருந்தே தீரவேண்டும். பைக்கின் கீழ்த் தாடையில் இருக்கும் பற்கள் நாயின் கோரைப் பற்கள் போன்றவை. மேல் வாயிலோ, தேங்காய்த் துருவியைப் போல் நூற்றுக்கணக்கான சிறு பற்கள் உள்நோக்கிச் சாய்ந்திருக்கின்றன. உள்ளே போகிற எதற்கும் வழி விடும்; வெளியே வருவதற்கு விடாது. நைலான் நரம்பு இந்தப் பற்களுக்கு முன் நூல் மாதிரிதான். எனவே, பல இழைகளை முறுக்கிய எஃகுக் கம்பி, 28 அல்லது 30 ராத்தல் தாங்கக்கூடியது, பதினெட்டு அங்குலத்துக்குக் குறையாமல் வேண்டும்; இருபது, இருபத்துநான்கு அங்குலம் என்றால் இன்னும் நல்லது. கம்பி ஏன் இவ்வளவு நீளம்? மீன் புரண்டு உருளும்போது கம்பி அதன் தலையைச் சுற்றிக்கொள்ளும். குட்டைக் கம்பியானால் அதற்கு மேலேயுள்ள நரம்பு பல்லில் சிக்கிவிடும். கம்பியின் ஒரு முனையில் சுழலும் வளையம் ஒன்றைச் சேர்ப்பது, முறுக்கு ஏறாமல் காக்கும். ஒரு முறை மடிந்து கோணிய கம்பியை நிமிர்த்தி மறுபடியும் உபயோகிப்பது கூடாது. அந்த மடிப்பில்தான் அது அடுத்த தடவை முறியும். புதுக் கம்பியின் விலை, மீனின் உயிரோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை.

கொக்கி வாங்கப் போனவர்களுக்கு இன்னொரு ஆச்சரியம் காத்திருக்கிறது. இரண்டு கையையும் நுழைக்கக்கூடிய வாயுள்ள மீனுக்குக் கொக்கியும் நங்கூரம் மாதிரி இருக்கும் என்று எதிர்பார்ப்போம். அப்படியில்லை. ஆறாம் நம்பர் அல்லது எட்டாம் நம்பர் என்று சொல்லும், கட்டை விரல் நகத்தளவான மூன்று முனைக் கொக்கிகள் இரண்டைத்தான் கம்பியில் சில அங்குல இடைவெளி விட்டுக் கட்டுகிறார்கள். பைக்கின் வாய் எலும்பு கடினமானது. தடித்த கொக்கி அதில் ஏறாமல் வழுக்கும். மெல்லிய சிறு கொக்கி சுலபமாகப் பதியும். கொக்கி முனையில், பின்னுக்கு இழுத்தால் கழலாதபடி ஓர் எதிர்முள் இருக்கும் அல்லவா? இரையைத் தாங்குவதற்காக ஒரு முனையில் மட்டும் அதை விட்டுவைத்து, மற்ற முனைகளில் இடுக்கியால் நசுக்கிவிடுகிறார்கள். மீனின் வாயிலிருந்து எடுக்கும்போது அதன் அருமை தெரியும்.

* * *

இரைக்கு நன்னீர் மீனைத் தேடவேண்டியதில்லை. கடலையே கண்டிராத பைக், கடல் மீன் என்றால் உயிரை விடுகிறது! நமது கானாங்கெளுத்திக்கும் மத்திக்கும் வடகடல் உறவினர்களான மீன்களில் எண்ணெய் மிகுதி. அதன் வாசனை தண்ணீரில் வெகு தூரம் பரவுகிறது. மேல் கொக்கியை வால் அடியிலுள்ள கெட்டியான சதையிலும், கீழ்க் கொக்கியை விலாவிலும் கோத்து, தலை கீழே தொங்கும்படி வீசுவது வழக்கம். உயிருள்ள மீனை இரையாகக் கோப்பதை ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் சட்டத்தினாலேயே தடுத்துவிட்டார்கள்.

செத்த மீனுக்குப் பதில் பொய் மீன் காட்டுவதும் உண்டு. அமெரிக்காவில் ஜூலியோ புவெல் என்பவர் ஏரியில் படகில் போகும்போது சாப்பாட்டுக் கரண்டியைத் தவற விட்டாராம். பளபளவென்று சுழன்று இறங்கிய கரண்டியை ஒரு மீன் பாய்ந்து கவ்வியதாம். அதைப் பார்த்துக் கரண்டி வடிவில் பொய் இரை செய்தார் என்று சொல்கிறார்கள். 1852-ல் அவர் அதற்குக் காப்புரிமை பெற்றது வாஸ்தவம். பின்லாந்தில் லௌரி ராப்பாலா என்னும் ஏழை மீனவர், கூட்டத்தில் நொண்டிக்கொண்டு போகும் மீனைத்தான் பெரிய மீன் முதலில் தாக்குகிறது என்று கண்டுகொண்டார். 1936-ல் தக்கையைச் செதுக்கி, சாக்லெட் சுற்றிய வெள்ளிக் காகிதத்தை அதன் மேல் ஒட்டி, பழைய புகைப்படச் சுருளை உருக்கிப் பூசி, அதே மாதிரி நொண்டும் பொய் மீன் ஒன்றைச் செய்தார். அவர் பெயர் இன்று உலகமெங்கும் தூண்டிற்காரர்களின் பெட்டிக்குள் இருக்கிறது. செலவில்லாத சாமான், கூர்மையான பார்வை, இவை இரண்டும் சேர்ந்தால் ஒரு கைத்தொழில் பிறந்துவிடுகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லை.

இரையை வீசியாயிற்று. இனிமேல் கழியை விட்டு அப்பால் போகக்கூடாது. பைக் இரையைக் குறுக்காகக் கவ்வி, சற்று நின்று, பிறகு தலைப்பக்கமாகத் திருப்பி விழுங்கும். முற்காலத்தில், மீன் நன்றாக விழுங்கட்டும் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பார்கள். கொக்கி இரைப்பையில் போய்ச் சிக்கும், மீன் நிச்சயமாகக் கிடைக்கும், நிச்சயமாகச் சாகும். தின்பதற்காகப் பிடித்த காலத்தில் அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆல்பிரட் ஜார்டின் என்பவர், இரண்டு கொக்கிகளை இரையின் பக்கவாட்டில் அமைத்து, மீன் தொட்டவுடனேயே சுண்டி இழுக்கும் முறையைப் பிரபலப்படுத்தினார். இன்றைய அமைப்பு அதன் வம்சத்தில் வந்ததுதான். தக்கை அசைந்தாலும் உடனே எழுந்து, நரம்பின் தொய்வைச் சுற்றி எடுத்து, இழுத்துவிட வேண்டும். தாமதம் செய்து பெறும் மீன், மீனுக்கு மரணம்.

கரையோரம் வந்த மீனை முன்பெல்லாம் கூரிய கொக்கித் தடியால் குத்தித் தூக்கினார்கள். வாயைப் பிளந்து வைக்க இரும்பு வில் ஒன்றையும் மாட்டினார்கள். அவை இரண்டும் இப்பொழுது கண்காட்சிச் சாலைக்குப் போகவேண்டிய சாமான்கள். அவற்றுக்குப் பதிலாக நாலு பொருள்களைக் கழிக்கும் முன்னதாகவே வாங்கவேண்டும் என்பது நம் சிபாரிசு. ஒன்று, மூன்றரை அடி அகலமுள்ள, ஆழமான, மென்மையான கைவலை. இரண்டு, மீனைக் கிடத்த நனைத்த மெத்தை. வெறும் கல்லில் துள்ளினால் மீனின் மேலுள்ள வழுவழுப்பும் செதிலும் போய், அந்த இடத்தில் நோய் பற்றும். மூன்று, பத்து பன்னிரண்டு அங்குல நீளமுள்ள இடுக்கி. நான்கு, கம்பியை வெட்டும் குறடு. கொக்கி சுலபத்தில் வராத இடத்தில் அதை வெட்டித் துண்டாக்கி எடுக்கலாம். மீனை மல்லாத்தி, செவுள் மூடியின் ஓரத்தில் விரல்களை மெதுவாக நுழைத்து, உள்ளேயுள்ள சிவந்த செவுள் இழைகளைத் தொடாமல் தாடை எலும்பைப் பிடித்துத் தூக்கினால், வாய் தானாகவே திறக்கும். பயந்தாங்கொள்ளிகளின் கையில்தான் பல் படுகிறது. உறுதியாகப் பிடிப்பவர்களுக்கு ஆபத்துக் குறைவு. காரியம் முடிந்ததும் மீனைத் தண்ணீரில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, அது தன் பலத்தில் நீந்திப் போகும்வரையில் காத்திருக்க வேண்டும். வெறுமனே எறிந்துவிடக் கூடாது.

இத்தனையும் குளிர் காலத்துக்குச் சொன்னது. கோடையில் தண்ணீர் சூடேறினால் அதில் பிராணவாயு குறைகிறது. அப்பொழுது போராடிக் களைத்த பைக் பிழைப்பது கடினம். ஆகையால் அக்டோபரிலிருந்து மார்ச் நடுவரையில்தான் பைக் பிடிப்பதற்கு உரிய பருவம் என்று நல்ல தூண்டிற்காரர்கள் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். இங்கிலாந்தின் ஆறுகளில் மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை தூண்டில் போடுவதற்கே தடை உண்டு. ஆற்றிலிருந்து ஒருவர் ஒரு நாளில், 65 சென்டிமீட்டருக்கு மேற்படாத ஒரே ஒரு பைக்கைத்தான் எடுத்துப் போகலாம். பெரியவை எல்லாம் திரும்பிப் போகவேண்டியவை.

* * *

"விட்டுவிடுவதானால் பிடிப்பானேன்?" என்ற கேள்விக்கு இப்பொழுது வருவோம். இதை நாம் மாத்திரம் கேட்கவில்லை. ஜெர்மனி தேசத்துச் சட்டம் ஒரு பிராணிக்குத் தக்க காரணமின்றித் துன்பம் செய்யக்கூடாது என்கிறது. தின்பதற்காகப் பிடிப்பது தக்க காரணம். வேடிக்கைக்காகப் பிடித்து விடுவது அல்ல என்பது அங்கே பலருடைய வாதம். இங்கிலாந்தில் இதற்கு மாறான எண்ணம் வேரூன்றியிருக்கிறது. மீனைத் தின்பவன் மீனோடு தன் உறவை முடித்துக்கொள்கிறான். விட்டுவிடுகிறவன் அந்த மீனுக்காகவும் அது வாழும் ஏரிக்காகவும் கவலைப்படுகிறான். ஆற்றில் ஆலைக் கழிவு கலந்தால் முதலில் கூக்குரல் போடுகிறவனும் அவன்தான் என்று சொல்கிறார்கள். இதிலும் உண்மை இருக்கிறது. பைக் பிடிப்பவர்கள் 1977-ல் தங்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்துக்கொண்டு, மீனைச் சேதமின்றிக் கையாளும் முறையைப் புதியவர்களுக்குப் போதித்து வருகிறார்கள். பழைய நாளில் பைக்கைப் பூச்சி புழுவாக எண்ணிக் கரையில் அடித்துப் போட்ட தேசம் அது என்பதை நினைத்தால், இந்த மாறுதல் சின்ன விஷயமல்ல.

நம்முடைய அபிப்பிராயம் என்ன என்று கேட்டால், ஒரு ஜீவனைத் துன்புறுத்தாமல் பொழுது போக்குவதற்கு உலகத்தில் எத்தனையோ வழிகள் இருக்கின்றன என்றுதான் சொல்வோம். ஆனாலும், பிடிப்பது என்று தீர்மானித்த பிறகு இரண்டு வகை மனிதர்கள் இருக்கிறார்கள். ஒருவர் தம்முடைய கெட்டிக்காரத்தனத்தை நிரூபிப்பதற்காக மெல்லிய நரம்போடு போகிறார். அவர் தோற்றால், தோல்விக்கான தண்டனையை அனுபவிப்பது மீன். மற்றொருவர் தடித்த நரம்பும், நீண்ட கம்பியும், இடுக்கியும் மெத்தையுமாகச் சுமை தூக்கிக்கொண்டு போகிறார். பார்ப்பவர்கள் சிரிக்கலாம். அவருடைய சுமையில் பாதிக்கு மேல் மீனின் நன்மைக்காகச் சுமப்பது. நம்மைவிடப் பலம் குறைந்த ஓர் உயிர் நம் கையில் அகப்படும் சமயத்தில், நம்முடைய பலம் அதற்குப் பாதுகாப்பாக இருக்கவேண்டுமானால் முன்னதாகவே அதற்குரிய ஏற்பாடுகளைச் செய்திருக்க வேண்டும். நல்ல மனசு மாத்திரம் போதாது, குறடும் வேண்டும்.

மீன்களுக்கு வாக்குரிமை கொடுத்து அபிப்பிராயம் கேட்டால், "எங்களைச் சும்மா விடுங்கள்" என்றுதான் ஏகமனதாக வோட்டுப் போடும் என்பதில் சந்தேகமில்லை. அந்தத் தீர்மானம் நிறைவேறாது என்று தெரிந்தால், இரண்டாவது தீர்மானமாக, "அப்படியானால் தடித்த நரம்போடு வாருங்கள்" என்று அவை சொல்லக்கூடும்.